நேர்குடற் புற்றுநோயின் படிநிலை வகுப்பு: ஒரு சமூக வரலாற்று நோக்கு

1

வகுத்தலும் பெயரிடுதலும் அறிவு முயற்சியின் அடிப்படைச் செயல்கள். இலக்கிய வரலாறு பயில்வோருக்கு இது புதிய செய்தியன்று. பேராசிரியர் வி. செல்வநாயகம் தமது ‘தமிழ் இலக்கிய வரலாறு’ என்ற நூலில் (1951) சங்க காலம், சங்கமருவிய காலம், பல்லவர் காலம் எனக் காலவகுப்புச் செய்தார். அப்பெயர்களை இன்றும் நாம் வழங்குகின்றோம். எனினும் அவை இயற்கை இட்ட எல்லைகள் என்று எவரும் கருதுவதில்லை. குறிப்பிட்டதொரு காலத்தில், குறிப்பிட்ட தேவை கருதி, கிடைத்த சான்றுகளைக் கொண்டு வரையப்பட்ட எல்லைகள் அவை என்பதை அறிந்தே பயன்படுத்துகின்றோம்.

இயற்கை விஞ்ஞானங்களின் வகுப்புக்களைப் பொறுத்தவரை இத்தகைய வரலாற்றுணர்வு பொதுவாக இருப்பதில்லை. வைத்தியர் ஒருவர் நோயாளியை நோக்கி, ‘உமது நோய் மூன்றாம் படிநிலையில் உள்ளது’ என்று கூறும்போது, கல்லில் பொறித்த உண்மையொன்றையே வாசித்துக் காட்டுவதாக இருவரும் கொள்கின்றனர். அவ்வாக்கியத்தில் ‘மூன்றாம்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? யாருடைய உழைப்பால், எத்தேவையின் பொருட்டு உருவானது? அது எதனைக் கூறுகின்றது, எதனைக் கூறாது விடுகின்றது? பெருங்குடல், நேர்குடல் ஆகிய உறுப்புக்களிற் தோன்றும் புற்றுநோயின் படிநிலை வகுப்பினை உதாரணமாகக் கொண்டு இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். புற்றுநோய்ப் படிநிலை வகுப்புக்களுள் மிக நீண்டகாலம் வழக்கிலிருந்தவற்றுள் இது ஒன்று; இதன் தோற்றமும் வளர்ச்சியும் தெளிவாகப் பதிவாகியுள்ளன.

2

நோயின் முடிவை முன்கூட்டியே உரைத்தல் வைத்தியத்தைப் போலவே பழைமையானது. கிரேக்க ஹிப்போகிரட்டீசு மரபின் நூலொன்று இப்பொருளுக்கென்றே எழுந்தது. நமது சித்த, ஆயுர்வேத மரபுகளும் நோய்களைச் சாத்தியம், அசாத்தியம் எனப் பாகுபடுத்தின. இம்மரபுகளில் முன்கணிப்பு என்பது வைத்தியரின் தனிப்பட்ட அனுபவத்திலிருந்து பிறந்த தீர்ப்பு. அது அவரது புகழையும் அவப்பெயரையும் நிர்ணயிப்பதாகவும் இருந்தது. ‘இந்நிலையிலுள்ள நூறு பேரில் இத்தனை பேர் ஐந்தாண்டுகளின் பின்னும் உயிரோடிருப்பர்’ என்ற கூற்று இதனினின்றும் அடிப்படையில் வேறுபட்டது. அது தனியொருவரின் அனுபவத்திலிருந்து பிறக்க முடியாது. ஒரே நோயுடைய பலரை ஓரிடத்திற் திரட்டும் நிறுவனமும், அவர்களது வாழ்வையும் சாவையும் தொடர்ந்து பதிவு செய்யும் ஒழுங்கும் இருந்தாலன்றி அத்தகைய கூற்றுக்கு இடமில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இங்கிலாந்தில் இவ்விரு நிபந்தனைகளும் நிறைவேறின. 1835இல் பிரெடரிக் சல்மன் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், இலண்டன் மாநகரின் ஓல்டேர்ஸ்கேற் வீதியில் ஏழு படுக்கைகளுடன் ஒரு சிறு வைத்தியசாலையைத் தொடங்கினார். பவுத்திரம் முதலான நேர்குடல் நோய்களால் வருந்தும் வறியவர்களுக்கான நிலையம் என்பதே அதன் பெயரின் பொருள். வெளியிற் சொல்லக் கூசும் நோய்கள், வசதியற்ற நோயாளர். அவர்களுக்காகத் தனவந்தரின் நன்கொடையில் இயங்கிய இந்நிலையம் 1854இல் சிற்றி றோட்டுக்கு இடம்பெயர்ந்து புனித மார்க் வைத்தியசாலை எனப் பெயர் பெற்றது. கைத்தொழிற் புரட்சி நகருக்குள் கொண்டுவந்து குவித்த வறியோரின் உடல்களே, நேர்குடல் நோய்கள் பற்றிய சிறப்பறிவு வளர்வதற்கான களமாயின. நன்கொடையாளரின் இரக்கத்தை இங்கு மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த இரக்கத்தின் ஊடாகவே அறிவுக்குரிய மூலப்பொருள் திரட்டப்பட்டது என்பதையும் மறக்கலாகாது. 1837இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் இறப்புக்களை அரசு பதிவு செய்யும் முறை நடைமுறைக்கு வந்தது. இதனால், வைத்தியசாலையை விட்டகன்ற நோயாளியின் கதையை அவரது இறுதிவரை தொடர்வது சாத்தியமாயிற்று.

மயக்கமருந்தும் கிருமியகற்றலும் வந்த பின்னரே நேர்குடற் புற்றை அறுத்தகற்றும் முயற்சிகள் பரவலாயின. அவற்றின் பெறுபேறுகள் துயரமானவை. இலண்டனைச் சேர்ந்த ஏர்ணஸ்ற் மைல்ஸ், 1899 முதல் 1906 வரை தாம் குதவழியாகச் சத்திரசிகிச்சை செய்த 57 பேரில் 54 பேருக்கு நோய் மீண்டதைக் கண்டார். புற்று மேலும் பக்கமும் கீழுமாக மூன்று திசைகளிற் பரவுகின்றது என்ற கருத்தின் அடிப்படையில், வயிற்று வழியாகவும் குதவழியாகவும் நேர்குடலை முற்றாக அகற்றும் முறையொன்றை அவர் 1908இல் வெளியிட்டார். அவர் அம்முறையில் முதலிற் சிகிச்சை செய்த பன்னிருவருள் ஐவர் சிகிச்சையினாலேயே மாண்டனர். தப்பியவர்கள் வயிற்றில் இடப்பட்ட துவாரத்தினூடாக மலங்கழித்து எஞ்சிய வாழ்நாளைக் கழிக்க வேண்டியவராயினர். முன்கணிப்பு என்ற வினா இச்சூழலில் ஏட்டு விவகாரமாக இருக்கவில்லை. இத்தகைய சிகிச்சையை யாருக்குச் செய்வது, எதற்காகச் செய்வது என்பதே வினாவாயிற்று.

3

1920களில் இவ்வினா புதிய வடிவம் பெற்றது. சத்திரசிகிச்சை நிபுணர்கள் தத்தமது பெறுபேறுகளை வெளியிட்டனர். ரேடியத்தைக் கொண்டு சிகிச்சை செய்வோரும் போட்டியாக எழுந்தனர். ஆனால் ஒருவரது பெறுபேற்றை மற்றவரதுடன் ஒப்பிடுவது எவ்வாறு? தொடக்கநிலை நோயாளரை மட்டும் தெரிந்தெடுப்பவர் திறமைசாலியாகத் தோன்றுவார்; கைவிடப்பட்டோரையும் ஏற்பவர் திறனற்றவராகக் காணப்படுவார். 1926இல் மேஜர் கிறீன்வூட் என்ற புள்ளிவிபரவியலாளர், பிரித்தானிய சுகாதார அமைச்சுக்காகப் புற்றுநோயின் இயல்பான கால அளவு பற்றி ஓர் அறிக்கை எழுதினார். சிகிச்சை பெறாதோர் எத்தனை காலம் வாழ்கின்றனர் என்பது தெரியாமல் சிகிச்சையின் பயனை அளவிடலாகாது என்பதே அதன் பின்னணி. 1929இல் சர்வதேச சங்கத்தின் ஆதரவில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கான படிநிலை வகுப்பொன்று உருவானது. வெவ்வேறு நாட்டு ரேடிய நிலையங்களின் பெறுபேறுகளை ஒப்பிடுவதே அதன் நோக்கமாகவும் இருந்தது. எனவே படிநிலை என்பது, தொடக்கத்தில், தனியொரு நோயாளிக்கு அவரது எதிர்காலத்தைச் சொல்லும் கருவியாகப் பிறக்கவில்லை. நிபுணர்களின் கூற்றுக்களைச் சோதிக்கும் கணக்கியற் கருவியாகவே அது பிறந்தது. இவ்வுண்மை பின்னர் மறக்கப்பட்டது.

புனித மார்க் வைத்தியசாலையின் சத்திரசிகிச்சை நிபுணரான லொக்ஹாட்-மமரி, தாம் சிகிச்சை செய்தோரை நோயின் பரவலுக்கேற்ப மூன்று தொகுதிகளாக 1920களின் நடுப்பகுதியில் வகுத்திருந்தார். அதனை உறுதியான அடித்தளத்தில் நிறுத்தியவர் கத்பேட் டியூக்ஸ் (1890-1977). 1922இல் அவ்வைத்தியசாலையின் நோயியலாளராகச் சேர்ந்த அவர், அறுத்தகற்றப்பட்ட குடற்பகுதி ஒவ்வொன்றையும் விரித்து, சுற்றியுள்ள கொழுப்பினுள் நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடியெடுத்து, நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்து, எக்கணுவிற் புற்று உண்டு என்பதைப் படமாக வரைந்து வைத்தார். 1932இல் வெளிவந்த கட்டுரையில் அவர் கூறிய வகுப்பு மிக எளிமையானது: புற்று நேர்குடற் சுவருக்குள் அடங்கியிருப்பின் ‘ஏ’, சுவரைக் கடந்து அயலிழையங்களை அடைந்தும் கணுக்களிற் பரவாதிருப்பின் ‘பீ’, கணுக்களிற் பரவியிருப்பின் ‘சீ’.

அக்காலத்தில் அமெரிக்க மேயோ நிலையத்தின் புறோடேர்ஸ், கலங்களின் தோற்றத்தைக் கொண்டு புற்றின் கடுமையைத் தரப்படுத்தும் முறையைப் பரப்பியிருந்தார். புற்றின் இயல்பு எது என்று புறோடேர்சின் முறை வினவியது. டியூக்சின் முறை, அது எவ்வளவு தூரம் சென்றுள்ளது என்று வினவியது. முன்னது சாரத்தைத் தேடுகின்றது. பின்னது இயக்கத்தை நோக்குகின்றது. டியூக்சின் மூன்று எழுத்துக்களுக்குள் ஒரு வரலாறு அடங்கியிருந்தது. சுவரில் தொடங்கி, சுவரைக் கடந்து, கணுவிலிருந்து கணுவுக்குப் படிப்படியாக ஏறுகின்ற வரலாறு அது. இவ்வாய்வுகள் மைல்சின் கருத்தையும் திருத்தின. கீழ்நோக்கிய பரவல் அரிதென்று புலனானதும், குதத்தைக் காத்துக்கொண்டே புற்றை அகற்றும் சத்திரசிகிச்சைக்கு நியாயம் பிறந்தது. வயிற்றுத் துவாரமின்றி வாழும் வாய்ப்பைப் பின்னர் பலர் பெற்றமைக்கு, பொறுமையோடு வரையப்பட்ட அப்படங்களும் ஒரு காரணம்.

1958இல் டியூக்சும் பஸியும் இருதசாப்தங்களுக்கும் மேற்பட்ட சேகரிப்பின் பயனை வெளியிட்டனர். பிற காரணங்களால் நேர்ந்த இறப்புக்களைக் கழித்துக் கணக்கிட்டபோது, ஐந்தாண்டுகளின் பின் உயிரோடிருந்தோர் ‘ஏ’யில் 97.7 சதவீதம், ‘பீ’யில் 77.6 சதவீதம், ‘சீ’யில் 32.0 சதவீதம். மூன்று எழுத்துக்கள் மூன்று விதிகளாகத் தோன்றின.

இங்கு பஸியைப் பற்றி ஒரு சொல் கூறுதல் தகும். பதின்ம வயதில் ஆய்வுகூட உதவியாளராகச் சேர்ந்தவர் அவர். பட்டம் எதுவும் பெற்றிருக்கவில்லை. நோயாளரின் பதிவேடுகளையும் பரம்பரையாகக் குடலிற் தசைமுளைகள் தோன்றும் குடும்பங்களின் பதிவேட்டையும் பல தசாப்தங்களாகப் பேணினார். முதுமையை அணுகும் வேளையிலேயே கலாநிதிப் பட்டம் பெற்று, 1975இல் அக்குடும்ப நோய் பற்றிய நூலை வெளியிட்டார். வகுப்பு டியூக்சின் பெயரால் வழங்குகின்றது. ஆனால் ‘ஐந்தாண்டு’ என்ற எண்ணுக்குப் பின்னால் ஆயிரக்கணக்கானோரின் முகவரியும் நலமும் மரணமும் ஆண்டுதோறும் பதியப்பட்ட உழைப்பு உண்டு. விஞ்ஞான வரலாறு தனிமனிதரின் பெயர்களைப் பொறிக்கும்போது, இக்கூட்டுழைப்பு அடிக்குறிப்பாகச் சுருங்கிவிடுகின்றது.

4

எழுத்துக்கள் பிறந்த இடத்தை விட்டுப் பயணஞ் செய்தபோது அவற்றின் பொருள் மாறியது. 1935இல் கேப்ரியல், டியூக்ஸ், பஸி ஆகியோர் ‘சீ’யை இரண்டாகப் பிரித்தனர். இரத்தக் குழாய் கட்டப்பட்ட இடத்திலுள்ள மேற்கணுவரை பரவாதிருப்பின் ‘சீ1’, பரவியிருப்பின் ‘சீ2’. 1949இல் மேயோ நிலையத்தைச் சேர்ந்த கேர்க்லினும் பிறரும் சளிமென்சவ்வுக்குள் அடங்கிய புற்றுக்கே ‘ஏ’ என்ற எழுத்தை ஒதுக்கினர். 1954இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அஸ்லரும் கொலரும் ‘சீ1’, ‘சீ2’ என்ற அதே குறியீடுகளை எடுத்து, கணுவின் இடத்தைக் குறிக்காது புற்று சுவரைக் கடந்ததா என்பதைக் குறிக்கப் பயன்படுத்தினர். சுவரின் தசைப்படையை அடைந்து அதனைக் கடவாத புற்றுடைய ஒருவர் இலண்டனில் ‘ஏ’, மிச்சிகனில் ‘பீ1’. நோய் ஒன்றே, அதனைக் குறிக்கும் எழுத்து வேறு. தொலைவுறுப்புக்களிற் பரவிய நிலையைக் குறிக்க ‘டீ’ என்ற நான்காவது எழுத்தை 1967இல் ரேண்புல்லும் அவரது சகாக்களும் சேர்த்தனர். டியூக்ஸ் ஆராய்ந்தது அறுத்தகற்றப்பட்ட உறுப்பை. ‘டீ’ குறிப்பது முழு மனிதரின் நிலையை. இரு வேறு பொருள்களைப் பற்றிய கூற்றுக்கள் ஒரே வரிசையில் அமர்ந்தன.

பிரெஞ்சு நிபுணரான பியர் டெனுவா 1943க்கும் 1952க்கும் இடையில் வகுத்த ரி.என்.எம். முறை இக்குழப்பத்துக்கு விடையாக வந்தது. முதற்புற்று, கணு, தொலைப்பரவல் ஆகிய மூன்றையும் தனித்தனியே குறிப்பது இதன் இயல்பு. சர்வதேசப் புற்றுநோய் எதிர்ப்பு ஒன்றியம் 1968இல் இதனை நூலாக வெளியிட்டது. ஒன்றியத்தின் முறையும் அமெரிக்கக் கூட்டுக்குழுவின் முறையும் 1987இல் ஒன்றுபட்டன. அதன் பின்னும் ஒவ்வொரு பதிப்பும் எல்லைகளை நகர்த்தி வந்துள்ளது.

எல்லை நகரும்போது எண்ணும் நகரும். யேல் பல்கலைக்கழகத்தின் அல்வன் பைன்ஸ்ரைனும் அவரது சகாக்களும் 1985இல் சுவாசப்பைப் புற்றுநோயை ஆராய்ந்து இதனை விளக்கினர். நுட்பமான கருவிகள் முன்னர் புலப்படாத பரவலைக் காட்டும்போது, நல்ல தொகுதியிலிருந்த மோசமான நோயாளர் மோசமான தொகுதிக்கு மாற்றப்படுகின்றனர். அவர்கள் நீங்கியதால் முன்னைய தொகுதியின் பெறுபேறு உயர்கின்றது. புதிய தொகுதியிற் பிறரைவிடச் சிறந்தவராக அவர்கள் இருப்பதால் அதன் பெறுபேறும் உயர்கின்றது. ஒருவர்கூட ஒரு நாள் கூடுதலாக வாழாமலே எல்லாத் தொகுதிகளிலும் முன்னேற்றம் தோன்றிவிடுகின்றது. குடற்புற்றுநோயில் இது கணுக்களை எண்ணும் உழைப்போடு பிணைந்துள்ளது. மூன்று கணுக்களை மட்டும் தேடியெடுத்து ‘பரவல் இல்லை’ என்று எழுதும் அறிக்கையும், இருபது கணுக்களை ஆராய்ந்து அவ்வாறே எழுதும் அறிக்கையும் ஒரே எழுத்தைத் தரினும் ஒரே உண்மையைத் தரவில்லை. குறைந்தது பன்னிரண்டு கணுக்களாவது ஆராயப்படவேண்டும் என்ற நியமம் பின்னர் ஏற்பட்டது இதனாலேயே.

5

1990 இவ்வரலாற்றின் திருப்புமுனை. அவ்வாண்டு மோர்ற்றலும் சகாக்களும் அமெரிக்காவில் 1,296 பெருங்குடற் புற்றுநோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வின் பெறுபேறுகளை வெளியிட்டனர். புளோரோயுரசில் என்ற மருந்தும், கால்நடைகளின் குடற்புழுக்களுக்கும் வழங்கப்பட்ட லெவமிசோல் என்ற மருந்தும் சேர்த்து ஓராண்டு கொடுக்கப்பட்டபோது, ‘சீ’ நிலையினரின் இறப்பு வீதம் மூன்றிலொரு பங்கு குறைந்தது. லெவமிசோல் பின்னர் கைவிடப்பட்டது. வேறு மருந்துகள் அதனிடத்தைப் பெற்றன. ஆயினும் அன்று முதல் ‘சீ’ என்ற எழுத்து வெறும் வருணனையாக இருக்கவில்லை. ‘இவருக்கு இரசாயன சிகிச்சை கொடுக்க’ என்ற கட்டளையாக மாறியது. ‘பீ’ பொதுவாக அக்கட்டளைக்கு வெளியே நின்றது.

இதன் விளைவு கவனிக்கத்தக்கது. 1991க்கும் 2000க்கும் இடையில் அமெரிக்காவில் நோய் கண்டறியப்பட்ட 119,363 பெருங்குடற் புற்றுநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2004இல் வெளிவந்தது. கணுக்களிற் பரவாத இரண்டாம் படிநிலையின் ‘பீ’ப் பிரிவினரில் ஐந்தாண்டு வாழ்ந்தோர் 72.2 சதவீதம், கணுக்களிற் பரவிய மூன்றாம் படிநிலையின் ‘ஏ’ப் பிரிவினரில் 83.4 சதவீதம். ஏறுவரிசையிற் பின்னே நிற்பவர் முன்னே நிற்பவரைவிட நீண்டகாலம் வாழ்கின்றார்! இதற்குக் காரணம் ஒன்றன்று. முன்னவரிடத்துப் புற்று சுவரை முற்றாகக் கடந்திருந்தது. பின்னவரிடத்துச் சுவருக்குள் அடங்கியிருந்தது. முன்னவர்களுட் சிலரிடம் தேடப்படாத கணுக்களில் நோய் ஒளிந்திருந்திருக்கலாம். மேலும், பின்னவர்களுக்கே இரசாயன சிகிச்சை பெரிதும் வழங்கப்பட்டது. இறுதிக் காரணமே நமது ஆய்வுக்கு முக்கியமானது. உலகை விளக்க எழுந்த வகுப்பு, உலகை மாற்றும் செயலுக்கு வழிகாட்டியது. அச்செயல், வகுப்பு விளக்கிய உலகையே மாற்றிவிட்டது. முன்கணிப்பு தன்னைத் தானே பொய்யாக்கிக் கொள்வது இங்கு தோல்வியாகாது. அதுவே அதன் வெற்றி.

6

இனி, எழுத்து எதனைக் கூறாது விடுகின்றது என்பதை நோக்குவோம். 1991இல் மக்காடிலும் ஹோலும் கிளாஸ்கோ நகர வைத்தியசாலையொன்றில் 13 சத்திரசிகிச்சை நிபுணர்களிடம் சிகிச்சை பெற்ற 645 குடற்புற்றுநோயாளரின் கதையை வெளியிட்டனர். சிகிச்சையை அடுத்து இறந்தோர் ஒரு நிபுணரிடம் 8 சதவீதம், வேறொருவரிடம் 30 சதவீதம். நோய் முற்றாக அகற்றப்பட்டதாகக் கருதப்பட்டோருள் பத்தாண்டு வாழ்ந்தோர் 20 சதவீதத்திலிருந்து 63 சதவீதம் வரை வேறுபட்டனர். இதற்கு முன்னரே, 1982இல், இங்கிலாந்தின் பேசிங்ஸ்ரோக்கைச் சேர்ந்த ஹீல்ட், நேர்குடலைச் சூழ்ந்த கொழுப்புறையைச் சிதையாமல் முழுமையாக அகற்றுவதன் இன்றியமையாமையை வலியுறுத்தியிருந்தார். 1986இல் லீட்சைச் சேர்ந்த குவேர்க், அகற்றப்பட்ட 52 நேர்குடல்களைக் குறுக்காக வெட்டி ஆராய்ந்து, அவற்றுள் 14இன் சுற்றுவிளிம்பிற் புற்று எஞ்சியிருந்ததைக் காட்டினார். நோயின் கொடுமை என்று எண்ணப்பட்ட மீள்வருகையின் ஒரு பகுதி, உண்மையில் கத்தியின் வழியாக வந்தது. அதுவரை நோயாளியின் உடலில் எழுதப்பட்டிருந்ததாகக் கருதப்பட்ட விதி, சிகிச்சை என்ற உழைப்பின் தரத்திலும் தங்கியிருந்தது.

அதே ஆய்வாளர் இருவரும் 2002இல் ஸ்கொட்லாந்தில் வேறொன்றையும் கண்டனர். வறிய பகுதிகளிலிருந்து வந்த குடற்புற்றுநோயாளர் வசதியான பகுதிகளிலிருந்து வந்தோரைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தனர். வறியோர் பிந்தி வருகின்றனர். ஆதலால் முற்றிய நிலையில் வருகின்றனர் என்பது வழமையான விளக்கம். ஆனால் இங்கு நோயின் பரவலில் இரு சாராரிடையே கருதத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. எழுத்து ஒன்று, ஆயுள் வேறு. 2004இல் இங்கிலாந்திலும் வேல்சிலும் ஏறத்தாழ 22 இலட்சம் புற்றுநோயாளரின் பதிவுகளை ஆராய்ந்த கோல்மனும் சகாக்களும், பெரும்பாலான புற்றுநோய்களில் செல்வருக்கும் வறியருக்கும் இடையிலான இடைவெளி அகன்று வந்துள்ளதைக் காட்டினர். 1948இல் தொடங்கிய தேசிய சுகாதார சேவை, வைத்தியரிடம் செல்லும் வழியிலிருந்த பணத்தடையை நீக்கிய நாடு அது. வாசற்கதவு திறந்துவிட்டமையால் மட்டும், உணவிலும் உழைப்பிலும் வீட்டிலும் ஊறிய ஏற்றத்தாழ்வு வாசலிலேயே நின்றுவிடுவதில்லை.

7

மேற்கண்டவற்றிலிருந்து இரு தவறான முடிவுகளுக்கு வரும் அபாயம் உண்டு. படிநிலை என்பது தூய இயற்கை உண்மை. சமூகத்துக்கு அதில் இடமில்லை என்பது ஒன்று. மிச்சிகனில் எழுத்து மாறியதும், கட்டளையால் எண் மாறியதும், நிபுணருக்கு நிபுணர் ஆயுள் மாறியதும் இக்கருத்தை மறுக்கின்றன. படிநிலை வெறும் சமூகக் கற்பனை. ஆளும் நிறுவனங்களின் சொல்லாடல் என்பது மற்றொன்று. இதுவும் ஏற்புடையதன்று. கணுவில் இருக்கும் புற்றுக் கலம் எவரது கற்பனையுமன்று; அதனைக் காணாது விட்டாலும் அது வளரும். டியூக்சின் மூன்று எழுத்துக்கள் ஒரு நூற்றாண்டை அணுகும் காலம் வரை நிலைத்தமைக்குக் காரணம், அவை புறநிலை மெய்ம்மையொன்றைப் பற்றிக்கொண்டமையே. பொருள்முதல்வாத நோக்கு இவ்விரண்டையும் ஒருங்கே காண முயல்கின்றது. நோய் புறநிலையானது; அதனை அறியும் வகுப்போ, வரலாற்றில் மனித உழைப்பினால் ஆக்கப்படுவது. ஆக்கப்பட்டது என்பதனால் அது பொய்யாகிவிடாது. மெய்யானது என்பதனால் அது மாறாததாகிவிடவும் மாட்டாது.

இதன் நடைமுறைப் பயனும் சிறிதன்று. தொகுதிகளை ஒப்பிடப் பிறந்த எண் ஒன்று, படுக்கையிலிருக்கும் தனிமனிதரிடம் தீர்ப்பாக வாசிக்கப்படுகின்றது. ‘நூற்றில் முப்பத்திரண்டு’ என்பது 1958க்கு முன்னர், ஒரு வைத்தியசாலையில், இரசாயன சிகிச்சை இல்லாத காலத்தில், குறிப்பிட்ட நோயாளருக்கு நேர்ந்தவற்றின் தொகை. அது கடந்தகாலத்தின் பதிவு. வருங்காலத்தின் ஆணை அதற்குள் இல்லை. அவ்வெண்ணை 32இல் வைத்திருந்தவை எவை, பின்னர் உயர்த்தியவை எவை என்று வினவினால் விடைகள் கிடைக்கின்றன: நேரத்தோடு கண்டறிதல், கவனமான கத்தி, கணுக்களைப் பொறுமையோடு தேடும் கண், மருந்து, அம்மருந்தைத் தாங்கும் அளவுக்கு ஊட்டம் பெற்ற உடல், வேலையிழப்பு அச்சமின்றிப் படுத்திருக்கக்கூடிய நாட்கள். இவற்றுள் முதல் நான்கையும் வைத்தியசாலை வழங்கலாம். இறுதி இரண்டையும் சமூகமே வழங்கவேண்டும். ரி.என்.எம். முறையின் எப்பதிப்பிலும் அவற்றைக் குறிக்க ஓர் எழுத்து இதுவரை ஒதுக்கப்படவில்லை.